பியானோ இல்லாத ஸ்டுடியோ

அக்கா ஜாஸ் சாக்ஸபோன் வாசிப்பவள். புது ஆல்பத்துக்கு டிரம்ஸில் தம்பி, பேஸ் கிதாரில் தம்பி மனைவி, வேறு ஆளில்லை. காலையில் பதிவுசெய்த பாட்டைப் போட்டுக் கேட்டபோது, அவள் தடுமாறிய இடத்தில் ஒரு பியானோ புகுந்து கைகொடுத்திருந்தது. அந்த ஸ்டுடியோவில் பியானோவே கிடையாது.

"அழிச்சிடுக்கா," என்றான் தம்பி, முகம் வெளிறிப்போய்.

"போடா! நம்ம எல்லாரையும்விட நல்லா வாசிக்குது."

மறுபடி வாசித்தார்கள். நடுவில் அவள் வேண்டுமென்றே நிறுத்தி இடம் விட்டாள். அறையில் பியானோ எதுவும் கேட்கவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டாலோ, அந்த இடத்தில் பியானோ துள்ளிக் குதித்தது. தம்பி மனைவி எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. பியானோ மட்டும் நிற்காமல், அவர்கள் இன்னும் பதிவுசெய்யாத அடுத்த பாட்டை எடுத்துக்கொண்டது.

"இருங்க, வந்துட்டோம்!" என்று ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்திவிட்டு, அக்கா சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு மைக்கை நோக்கி ஓடினாள்.