ஜெர்மனிக்குப் போன இன்பசேகரன்

எங்கள் வம்சத்தில் கடல் கடந்து படிக்கப்போகும் முதல் மாணிக்கம் இன்பசேகரன் என்றது தெருமுனை பேனர். பேனர் கட்டிய பிறகுதான் விசா இல்லையென்று சொன்னார்கள். அதை அவிழ்த்தால் மானம் போய்விடும் என்று அப்பா மகனைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவன் ஜெர்மனியில் வசிக்கிறான். வெள்ளைச் சுவர், மூடிய சன்னல், ஸ்வெட்டர்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அத்தை வீடியோவில் கூப்பிட்டாள்.

“ரொம்பக் குளிராடா?”

“நடுங்குது அத்தை,” என்றான், வழிந்த வியர்வையைத் துடைக்காமல்.

“படிப்பெல்லாம்?”

“போகுது.”

“சரிப்பா, இங்க மழை வர்ற மாதிரி இருக்கு. மாடிக்கொடியில உன் லுங்கி காயுது, அம்மாவ எடுக்கச் சொல்லு.”

அத்தை சிரிக்கவில்லை. “சொல்றேன் அத்தை,” என்றான் அவனும். மற்ற துணியெல்லாம் பயணத்துக்குக் கட்டிய பெட்டியிலேயே கிடந்தது. ஸ்வெட்டருக்குக் கீழே அவன் துண்டுதான் கட்டியிருந்தான்.