நூற்று இருபத்தெட்டு

ஒரு நடனக் கூடத்தில் தாளப் பெட்டி ஒன்றும் இரண்டு ரிக்கார்டு பிளேயர்களும் வேலை பார்த்தன. ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு வேகத்தில் வந்ததால், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஆடுகிறவர்களின் கால் தடுமாறியது. பலர் பாதியிலேயே வீட்டுக்குப் போனார்கள். கூடத்தை மூடிவிடுவார்களோ என்று தாளப் பெட்டிக்குக் கவலை.

அது நிமிடத்துக்கு நூறு அடி அடித்துப் பார்த்தது. கூட்டம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது. நூற்றைம்பது அடித்தது, எல்லோரும் முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். நூற்று இருபத்தெட்டில் யாரும் வெளியே போகவில்லை.

"இனிமே எல்லாப் பாட்டுக்கும் இந்த வேகம்தான்," என்றது பெட்டி. அக்கம்பக்கத்துக் கூடங்களும் அதையே பிடித்துக்கொண்டன.

ஒருநாள் மெதுவான பாட்டு ஒன்று வந்து சேர்ந்தது.

"என்னை என் போக்குல விடுங்களேன், மூச்சு முட்டுது," என்று கெஞ்சியது.

"கூட்டம் கலைஞ்சிடும்மா, பொறுத்துக்கோ," என்று சொல்லி ரிக்கார்டு பிளேயர் அதை வேகமாகச் சுழற்றியது. கூட்டம் துளியும் தடுமாறாமல் ஆடியது.

தாளப் பெட்டிக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து வாசலுக்குப் போன ஒரு ஜோடி ஷூவிடம், "அந்தப் புதுப் பாட்டு எப்படி இருந்தது?" என்று கேட்டது.

"புதுப் பாட்டா? நடுவுல பாட்டு மாறிச்சா என்ன?" என்றது ஷூ.