திருப்பத்தில் நின்றவள்

மாயக்காளுக்குக் காலையிலிருந்தே வலது தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. திண்டுக்கல்லில் கடைகளும் தியேட்டரும் ஓட்டல்களும் சேர்ந்து புதிதாய் எழும்பிய வளாகத்தில் அவள் துப்புரவு வேலை பார்த்தாள். அன்று மோட்டாரும் லிஃப்டும் ஓடவில்லை. பதினொரு மணிக்குள் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் வேறு ஆட்களை வைத்துக்கொள்வதாக சூப்பர்வைசர் விக்னேஷ்குமார் சொல்லிவிட்டார்.

“இந்தக் கட்டடத்துக்குக் கான்கிரீட் சட்டி மாத்துனவளுகளே நாமதான். தண்ணிக்கா பயப்படுறது? வரிசையா நில்லுங்கடி,” என்றாள் மாயக்காள்.

நாலு படிக்கு ஒருத்தியாக நின்றார்கள். ஓர் ஆள் குறைந்தது. மாயக்காளுக்கு மேலே, இரண்டாம் மாடித் திருப்பம் காலியாக இருந்தது. ஏறிப்போய்க் கொடுத்து வரலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் சட்டி மாற்றிப் பழகியவர்கள் மேலே பார்ப்பதில்லை. முதல் வாளி வந்ததும் கை தானாக மேலே நீண்டது. கனம் போய்விட்டது.

“திருப்பத்துல யாருக்கா?” என்று திருப்பத்துக்கு மேலே நின்ற தீபா கத்தினாள். “கை இந்தக் குளுரு குளுருது. செத்த மெதுவாக் குடுக்கச் சொல்லு.”

“வாங்குனமா, குடுத்தமான்னு வேலையப் பாருடி.”

பத்தே முக்காலுக்கு மூன்றாம் மாடித் தொட்டி நிரம்பியது. திருப்பத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கட்டடம் எழும்பியபோது அந்தத் திருப்பத்தில் நின்று சட்டி மாற்றி, அங்கிருந்தே விழுந்து செத்தவள் குஜிலியம்பாறை ஒச்சம்மாள். மாயக்காள் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் அவள் பங்கையும் சேர்த்துச் சுமந்தவள். அந்த வேலையை மாயக்காள் திருப்பிச் செய்யவே இல்லை. இன்றோடு மூன்று நாள் பாக்கி.