கொடி சாயாத நவம்பர் காலை

கடற்கரைச் சாலையின் பிரெஞ்சுப் போர்வீரர் நினைவிடத்தில், பழைய சிப்பாய் கிளமான் இரு கைகளாலும் கொடியைப் பிடித்து நிற்கிற அழகைப் பாருங்கள் கண்ணுகளா. போன வருஷம் இதே நினைவு நாள் அஞ்சலியில் ஓயாமல் வழிந்த இடக்கண்ணைத் துடைக்கக் கையெடுத்தார், கொடி சாய்ந்துவிட்டது. இன்றும் சாய்ந்தால் அது வேறு கைக்குப் போய்விடும். அடைத்திருந்த கண்ணீர்க் குழாயை ஆபரேஷன் செய்து மூக்குக்குள் வழி விட்டாயிற்று. இனிக் கண் வறண்டுவிடுமோ என்றுதான் மனைவி ஜோசெத்துக்குப் பயம். கடல்காற்று முகத்தில் அறைகிறது. கண்மேல் மெல்லிய ஈரப்படலம் கலையாமல் வெயிலில் மின்னுகிறது, கன்னத்தில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அஞ்சலி எக்காளம் ஊதி ஓய்கிறது. கொடிக்கம்பு நூலளவும் சாயவில்லை. ஜோசெத் பெருமை தாங்காமல் கிட்டே போய்ச் சீண்டுகிறாள்: “செத்துப்போன சிநேகிதனுங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடலியே, கல்லு நெஞ்சுங்க உங்களுக்கு!” “எல்லாம் மூக்குக்குள்ள எறங்குது ஜோசெத்,” என்கிறார் கிளமான், கொடியை விடாமலே மூக்கை உறிஞ்சிக்கொண்டு.