ஒற்றை முழங்காலில்

நாயகன் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தான். அவள் பாப்கார்னைக் கீழே வைத்தாள்.

ஒரு முழங்கால் தரையில். ஒரு கை ஊன்றி. தலை குனிந்து.

தியேட்டரே விசிலடித்தது. பக்கத்தில் மகள் ஷீபாவும் கைதட்டினாள். அப்பா படப்பிடிப்பில் இறந்தார் என்பது மட்டும்தான் ஷீபாவுக்குத் தெரியும். எந்தக் காட்சியில் என்று அம்மா சொன்னதில்லை.

இப்படி முதன்முதலில் இறங்கியவர் அருள்தாஸ். அவள் கணவர்.

முகமூடி போட்டுப் பறக்கும் நாயகன் தமிழுக்குப் புதிதாக வந்திருந்த காலம். போஸ்டரில் பறந்தவன் நாயகன். கயிற்றில் தொங்கியது டூப் போட்ட அருள்தாஸ். இரண்டு காலில் இறங்கி இடுப்பில் கைவைத்து நிற்க வேண்டும். அவருக்குச் சொல்லியிருந்தது அவ்வளவுதான்.

கயிறு அறுந்தது.

ஒரு முழங்காலில் விழுந்தார். கையை ஊன்றினார். தலை தொங்கியது.

ஆபத்தான ஷாட் முடிந்தால் யூனிட் மொத்தமும் கைதட்டுவது வழக்கம். தட்டினார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. பணிவு என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

சாப்பாடு கொண்டுபோயிருந்த அவளும் தட்டினாள்.

அந்த ஷாட்டைப் படத்திலும் வைத்தார்கள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்து வந்த சூப்பர்ஹீரோ அப்படியே இறங்கினான். அதற்கடுத்தவனும். பிஸ்கட் விளம்பரத்தில் ஒரு பொம்மைகூட. தலை குனிந்து அசையாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தையும் விட்டுவைக்காமல் காப்பியடித்தார்கள். ஸ்டைலாம்!

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அழுகையும் இல்லை. எல்லாம் மரத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் இந்த மாதிரிப் படம் எது வந்தாலும் முதல் நாளே டிக்கெட் எடுக்கச் சொல்லி மகளை நச்சரிப்பாள். எங்கம்மாவுக்கு சூப்பர்ஹீரோ பைத்தியம் என்று ஷீபா ஆபீஸில் சொல்லிச் சிரிப்பதும் அவளுக்குத் தெரியும்.

திரையில் புழுதி இன்னும் அடங்கவில்லை. தலை குனிந்தேதான் இருந்தது.

அவள் இருக்கையின் நுனிக்கு வந்து அந்தத் தலையையே பார்த்தாள்.

நாயகன் நிமிர்ந்தான்.

மெல்ல எழுந்தான். நடந்தான்.

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இந்தப் படத்தயாவது முழுசாப் பாரேம்மா. இன்னும் இன்டர்வெல்லே வரல."

"எந்திரிச்சிட்டாருல்ல. வா, வீட்டுக்குப் போலாம்."