பருந்துக்கு உப்பு ஆகாது

"கையைத் தூக்குங்க. ரெண்டு கையையும்."

பருந்து வாசல்படியிலேயே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். மனைவி அவருடைய சட்டைப் பை, பேன்ட் பை, சாக்ஸ், கடைசியில் டிபன் பாக்ஸின் மூடி இடுக்கு வரைக்கும் தடவிப் பார்த்தாள். விமான நிலையத்தில் பெண் பயணிகளைச் சோதனை போடுவதுதான் அவளுக்கு வேலை. கொண்டைக்குள் ஒளித்த மோதிரத்தையே உருவி எடுத்தவள்.

"என்னடி தேடறே? தங்கமா?"

"உப்பு. சிப்ஸ், கடலை, எது தின்னிருந்தாலும் இப்பவே ஒத்துக்குங்க."

ஒன்றும் சிக்கவில்லை.

பருந்து என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். இருபது மாடி உயரத்தில், கிரேன் கேபினுக்குள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக ஊரையே குனிந்து பார்க்கிறவர். மூன்று மாதத்துக்கு முன் ரத்த அழுத்தம் கொஞ்சம் எகிறியது. "உப்பைக் குறைங்க. மூணு மாசத்துல இறங்கலேன்னா உங்களை கிரேன்லேருந்து இறக்கிடுவோம்" என்று கம்பெனி டாக்டர் கெடு வைத்துவிட்டார்.

அன்றைக்கே வீட்டில் ராணுவ ஆட்சி வந்தது. உப்பு டப்பா பீரோ லாக்கருக்குள், நகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. சாவி மனைவியின் கழுத்துச் சங்கிலியில். பருந்துக்கென்று தனிச் சட்டி. சமையல் அவருடைய அம்மா, மேற்பார்வை மனைவி. அந்த மாமியாரும் மருமகளும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போனதில்லை.

"ஒரு சிட்டிகை போட்டா குடியா முழுகிடும்? என் புள்ள வாயில வைக்க வேணாமா?"

"கூடாது அத்தை. சிட்டிகையும் கூடாது, சிட்டிகையோட தங்கச்சியும் கூடாது."

நடுவில் பருந்துதான் பச்சைக் குழந்தை மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "முதல் ரெண்டு நாள்தான் கஷ்டமா இருந்துச்சு. இப்ப உப்பில்லாமலே நல்லாத்தான் இருக்கு. நாக்கு பழகிடுச்சு போல."

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். பருந்து உப்பே தின்னாமல், சாப்பிட்டு எழுந்ததும் மூன்று சொம்பு குடித்தார். குடித்துவிட்டு, "நேத்து அடிச்ச காத்துல கேபின் நாலடி ஆடுச்சு தெரியுமா? நான் பாட்டுக்கு டீ குடிச்சிட்டு இருந்தேன்" என்று மார்தட்டினார். அம்மா பாத்திரம் கழுவப் போய்விட்டார். மனைவி துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.

கெடு முடிந்த அன்று டாக்டர் பருந்தின் கையில் பட்டையைச் சுற்றி மூன்று தடவை அளந்தார். ஆரம்பத்தில் நூற்றைம்பது இருந்தது, நடுவில் நூற்றறுபது ஆகி, இன்றைக்கு நூற்றெழுபதில் வந்து நின்றது.

"குறைக்கச் சொன்னா ஏத்திட்டு வந்திருக்கீங்களே!"

"சத்தியமா ஒரு கல்லு உப்பு தின்னல டாக்டர். இவ தினம் என்னை சோதனை போடறா."

"தினமும் டாக்டர். சாக்ஸ் வரைக்கும்" என்று கூட வந்திருந்த மனைவி சாட்சி சொன்னாள்.

டாக்டர் நெற்றியைச் சொறிந்தார். "சில பேருக்கு இப்படி ஆகறதுண்டு. தின்ன உப்பு பூரா சிறுநீர்ல போயிடாது. தோல்லயும் தசையிலயும் போய்ப் பதுங்கிக்கும். ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் காட்டும்."

"வந்த மச்சான் ஊருக்குத் திரும்பாம இருக்கற மாதிரியா?" என்றார் பருந்து.

"அதேதான்."

பருந்து தன் முழங்கையைத் திருப்பி, திருட்டுச் சரக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். மனைவி அதைக் கிள்ளியே பார்த்துவிட்டாள். இத்தனை நாள் பையைத் தடவினாளே தவிர, ஆளையே கிடங்கு என்று யார் நினைத்தார்கள்?

"டாக்டர், உப்பைச் சுத்தமா நிறுத்திட்டா சேர்ந்தது போயிடுமா? உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?" மனைவி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள்.

"கறாரா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா போயிடும். மாத்திரையும் எழுதித் தரேன், பயப்படாதீங்க. ஆனா கிரேன் இனிமே கிடையாது. திங்கக்கிழமையிலேருந்து ஸ்டோர் ரூம்."

"அங்க நான் என்ன செய்வேன் டாக்டர்? உப்புக்குச் சப்பாணியா உட்கார்ந்து ஆணியும் போல்ட்டும் எடுத்துக் குடுக்கணுமா?"

டாக்டர் மாற்றல் தாளை இழுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வீட்டுக்கு வந்த பருந்தை வாசலில் யாரும் கையைத் தூக்கச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜை முன் போய்ச் சரிந்தார். "இருபத்திரண்டு வருஷம்டி. இனிமே புயலே அடிச்சாலும் நான் தரையிலதான்" என்றபோது குரல் உடைந்தது. இரும்பு மாதிரி இருந்த மனுஷன் அழுதால் யாருக்கும் மனசு கேட்காது. மனைவியும் அவர் தோளில் சாய்ந்து அழுதாள், நிஜமாகவே அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மாமியார் கரண்டியைப் பிடித்தபடி, மூச்சைக்கூட விடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருமகள் கதவைச் சாத்தினாள்.

"இறக்கிட்டாங்க அத்தை. இனிமே அவர் சட்டியில உப்பு போடாதீங்க."