இந்த வாரம் மட்டும் பாதி விலை

இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் காசு கொடுப்பவனைச் சொல்வார்கள்; விலை சொல்பவளைச் சொல்வார்கள். அடிபட்டுப் படுத்திருப்பவளை மட்டும் விட்டுவிடுவார்கள். அவள் பெயர் நெகேசா.

அன்று மும்புவாவுக்கும் அவள் நினைவு இல்லை. கெருபோவின் அறைக் கதவை மும்புவா தட்டவில்லை, உதைத்தாள்.

"வெளிய வாடி! பாதி விலையாம், பாதி விலை! சாயங்காலம் மிஞ்சிப்போன தக்காளியா விக்கிற நீ?"

நைரோபியின் அந்தப் பகுதியில், தரகன் இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்த விலை ஐயாயிரம் ஷில்லிங். அதற்குக் கீழே எவளும் இறங்கக் கூடாது. அந்த விலையைக் கட்டிக் காப்பவள் மும்புவா. முந்தின நாள்தான் கெருபோ வாட்ஸப்பில் விளம்பரம் போட்டிருந்தாள்: இந்த வாரம் மட்டும் பாதி விலை, முன்பணத்தைப் போனில் அனுப்ப வேண்டும்.

"உள்ள வாங்கக்கா. மெதுவா பேசுங்க."

"எதுக்குடி மெதுவா? 'கெருபோ பாதிக்கு வர்றா, நீ என்ன தங்கமா'ன்னு என்கிட்டயே கேக்கிறானுங்க. என் வாடகைய உங்கப்பனா கட்டுவான்?"

"எங்கப்பன் என் வாடகையவே கட்டலக்கா."

கெருபோவின் போன் ஒலித்தது. பணம் வந்திருந்தது. அனுப்பியவன் பெயரைப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி அனுப்பினாள்.

"என்னடி பண்ற?"

"எல்லாருக்கும் திருப்பிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தனையும் உள்ள விடல."

"கிறுக்கு பிடிச்சிருக்கா?"

கெருபோ திரையை விலக்கினாள். கட்டிலில் நெகேசா. உடைந்த தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்க முடியாது.

"இவள அடிச்சவன் தன் பேர் பிரையன்னு சொன்னான்னு எழுதிக் காட்டினா. பொய்ப் பேர். காச கையில கொடுத்தான். இவளக் கூப்பிட்ட நம்பரையும் இப்ப தூக்கிப் போட்டுட்டான். 'பேர் இல்லாம எவனத் தேடுறது'ன்னு ஸ்டேஷன்ல சிரிக்கிறானுங்க. போன்ல பணம் அனுப்பினா பதிஞ்சிருக்கிற பேர் கூடவே வந்துரும்ல? அவன் பேரம் பேசாம இருக்க மாட்டானாம். அதான் குறைச்சேன். குரலக் கேட்டா இவ கண்டுபிடிச்சிருவா, அவன் இல்லன்னா காச திருப்பிடறேன்."

"எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?"

"யார் வாய் எப்படின்னு எனக்கென்னக்கா தெரியும்?"

மும்புவா வாயைத் திறப்பதற்குள் போன் மறுபடி ஒலித்தது. இந்த முறை குரல் செய்தி.

"பாதியிலயும் கொஞ்சம் பார்த்துக் குறைங்க, ராணி. ஆண்டவர் உங்களுக்கு அள்ளிக் கொடுப்பார்."

நெகேசா கட்டில் சட்டத்தை முட்டியால் அடித்தாள். மறுபடி அடித்தாள். கண்ணீர் கம்பிமேல் வழிந்தது.

'சரி, குறைக்கிறேன். முன்பணம் அனுப்புங்க' என்று கெருபோ எழுதினாள். பணம் வந்தது. கூடவே பெயரும் வந்தது. டிட்டஸ் ஒங்கூரோ.

"மாட்டினான்கா!"

மும்புவா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரலை அவளுக்கு முன்பே தெரியும். அவளிடமும் ஒருமுறை கையை ஓங்கியவன் அவன். அவனைத் தொலைத்தால் போதும் என்று, "என் விலை உனக்குக் கட்டாது. நெகேசான்னு புதுசா ஒருத்தி வந்திருக்கா, அவ பாதிக்கே வருவா" என்று நம்பரைக் கொடுத்து அனுப்பியவள், விலையைக் கட்டிக் காத்த இந்த மும்புவாதான்.

டிட்டஸுக்கு ஐந்து ஆண்டுச் சிறை. கோணிய வாயோடு நெகேசாவே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். இப்போது புங்கோமா என்ற ஊரின் சந்தையில் பழைய துணி விற்கிறாள். இறைச்சியை மெல்ல முடிவதில்லை. தன் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.